இலங்கையின் நியமநேரமும் கணினியின் நேரப் பதிவேடும்: ஒரு வரலாற்று நோக்கு

காலத்தை அளவிடுதல் வானியலறிஞருக்கும் பஞ்சாங்க கணிதருக்குமே உரிய துறை என்பது பொதுவாக நிலவும் எண்ணமாகும். ஞாயிற்றின் உதயமும் உச்சமும் அத்தமனமும் மனிதர் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டவையல்ல என்பதால் இவ்வெண்ணம் இயல்பானதே. ஆயின் சுவரில் தொங்கும் மணிக்கூடு எந்நேரத்தைக் காட்டவேண்டுமென்பதை வானம் தீர்மானிப்பதில்லை, அரசாங்கம் தீர்மானிக்கின்றது. இதனை அண்மைக் காலத்தில் மிகக் கூர்மையாக உணர்ந்தோர் வரலாற்றாசிரியரிலும் பார்க்கக் கணினி நிரலாளரே எனலாம். இணையத்தில் இயங்கும் செயலியொன்றை ஆக்குவோர் ஒவ்வொருவரும், அதனைப் பயன்படுத்துபவர் எவ்வூர் நேரத்தின்படி வாழ்கின்றார் என்னும் வினாவை எதிர்நோக்க வேண்டியுள்ளது. அவ்வினாவுக்கு விடைதேடி உலகின் பெரும்பாலான கணினிகள் நாடுகின்ற பதிவேடு ஒன்று உண்டு. அதில் இலங்கைக்கென எழுதப்பட்டிருப்பவை ஒன்பது வரிகள். அவ்வொன்பது வரிகளையும் ஒரு வரலாற்று மூலமாகக் கொண்டு, அவை கூறுவனவற்றையும் கூறாது விடுவனவற்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நிரலாளரின் இடர்ப்பாடு யாதென அறிந்துகொள்ளல் வேண்டும். கணினி தன்னுள்ளே காலத்தை ஊர்வழக்கின்படி வைத்துக்கொள்வதில்லை. 1970 சனவரி 1ஆம் திகதி நள்ளிரவு, அதாவது கிறீன்விச் நெடுங்கோட்டை அடியொற்றிய சர்வதேச நேரத்தின் நள்ளிரவு, தொடக்கம் எத்தனை செக்கன்கள் கழிந்தன என்று எண்ணிக்கொண்டிருப்பதே பல கணினிகளின் முறை. அவ்வெண்ணை ஒருவர் வாசிக்கத்தக்க நாளாகவும் மணியாகவும் மாற்றுகையிலேயே அவர் இருக்கும் இடம் பற்றிய கேள்வி எழுகின்றது. இலகுவான வழி, கிறீன்விச்சுக்கும் அவ்விடத்துக்குமுள்ள வித்தியாசத்தை ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்வதாகும். இலங்கைக்கு 5 மணி 30 நிமிடம் எனக் குறித்துவிட்டால் வேலை முடிந்தது என்றே அனுபவமில்லாதோர் கருதுவர்.

அவ்வாறு கருதியோர் 2006ஆம் ஆண்டில் என்ன நேர்ந்ததென எண்ணிப் பார்த்தல் தகும். அவ்வாண்டு மார்ச் மாதத்திலே கொழும்பில் ஒருவர், ஏப்பிரல் 20ஆம் திகதி காலை 9 மணிக்குரிய கூட்டமொன்றைத் தம் கணினியிற் பதிந்து வைத்தார் எனக் கொள்வோம். அப்பொழுது இலங்கையின் வித்தியாசம் 6 மணி. எனவே கணினி அதனைச் சர்வதேச நேரம் அதிகாலை 3 மணி என மாற்றி வைத்திருக்கும். ஏப்பிரல் நடுப்பகுதியில் அரசாங்கம் வித்தியாசத்தை 5 மணி 30 நிமிடமாக்கிற்று. புதிய கணக்கின்படி அதே பதிவு காலை 8.30 மணியெனத் தோன்றும். கூட்டமோ 9 மணிக்கே நடைபெறும். எண்ணை வைத்திருப்பது போதாது, இடத்தின் பெயரையும் அவ்விடத்து மக்கள் சொல்லும் மணியையும் சேர்த்து வைத்தல் வேண்டுமென்பது இதனாற் பெறப்படும். நடந்து முடிந்தவற்றுக்குச் சர்வதேச நேரம் போதுமானது. வரப்போகின்றவற்றுக்கோ அரசாங்கம் நாளை என்ன செய்யுமென்பதும் கணக்கில் வருகின்றது.

இடத்தின் பெயரை வைத்திருப்பதற்கு, அப்பெயருக்குரிய வரலாற்றை எங்காவது எழுதி வைத்திருத்தல் வேண்டுமன்றோ? மேற்குறித்த பதிவேடு செய்வது இதனையே. 1980களில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களிற் பணியாற்றிய ஆதர் டேவிட் ஓல்சன் என்பார் இதனைத் தொடக்கிவைத்தார். பின்னர் போல் எகேட் என்பார் இதன் பொறுப்பை ஏற்றார். நாட்டின் பெயரினால் அன்றிக் கண்டத்தின் பெயராலும் நகரின் பெயராலும் ஒவ்வொரு நேரவலயத்தையும் குறிப்பது இதன் மரபு. நாடுகள் பிரியும், சேரும், பெயர்மாறும், நகரங்கள் பெரும்பாலும் நிலைக்கும் என்பது அதற்குக் காரணம். இலங்கை ஆதலால் இதில் 'ஆசியா/கொழும்பு' என்றே காணப்படும். 1970ஆம் ஆண்டு தொடக்கம் ஒரே நேரத்தைக் கைக்கொண்டு வந்த இடங்களுக்கு ஒரே பெயர் போதும் என்பது அதன் மற்றொரு விதி. இவ்விதியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளல் நன்று.

இப்பதிவேட்டின் பழைய தரவுகளுட் பல, சோதிடர்க்கெனத் தொகுக்கப்பட்ட நூல்களிலிருந்து பெறப்பட்டவை என்பதையும் இவ்விடத்துக் கூறிச் செல்லலாம். பிறந்த நேரத்தைச் சரியாகக் கணித்தற்கு, பிறந்த ஊரில் அன்று மணிக்கூடு எவ்வாறு ஓடிற்று என்பதை அறிதல் சோதிடருக்கு இன்றியமையாததாயிற்று. ஆகவே உலகின் நேரவரலாற்றை முதன்முதலில் விரிவாகத் தேடித் தொகுத்தோருள் அவர்கள் முக்கியமானவர்கள். அத்தரவுகளுக்கு உரிமை கோரிச் சோதிட மென்பொருள் நிறுவனமாகிய அஸ்ட்ரோலேப் 2011இல் வழக்குத் தொடுத்தது. 2012இல் அதனை மீட்டுக்கொண்டது. இதற்கிடையே பதிவேட்டை வெளியிடும் பொறுப்பு, இணையப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் சர்வதேச அமைப்பிடம் சென்றது. சாதகம் பார்த்தலை மூடநம்பிக்கை என ஒதுக்கும் அறிவியல் மாணவர்கள் தம் கையடக்கத் தொலைபேசியின் மணி எங்கிருந்து வருகிறதென்பதையும் சற்று நோக்கலாம்.

இனி இலங்கைக்குரிய வரிகளுக்கு வருவோம். முதல் வரி கொழும்பின் இடநேரத்தைக் கூறுகின்றது: கிறீன்விச்சுக்கு 5 மணி 19 நிமிடம் 24 செக்கன் முந்தியது. நியமநேரம் தோன்றுமுன் ஒவ்வோர் ஊருக்கும் தனது நேரமே நேரம். ஞாயிறு உச்சங்கொள்ளும்போது நண்பகல். உதயந்தொடக்கம் எண்ணப்படும் நாழிகைக் கணக்கும், 60 நாழிகை கொண்ட நாளும் இத்தகைய உலகுக்கே உரியவை. மட்டக்களப்பில் ஞாயிறு கொழும்பைக் காட்டிலும் 7 நிமிடத்துக்குச் சற்று முன்னரே உச்சங்கொள்ளும். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்குமோ ஒரு நிமிடங்கூட வித்தியாசமில்லை. மாட்டுவண்டியிலும் தோணியிலும் பயணஞ்செய்த காலத்தில் இவ்வேறுபாடுகள் எவரையும் உறுத்தியிரா.

இரண்டாம் வரி 1880இல் தொடங்குகின்றது. மொறட்டுவையின் சராசரி நேரம், 5 மணி 19 நிமிடம் 32 செக்கன், அப்போது கைக்கொள்ளப்பட்டதாகப் பதிவேடு கூறும். முந்தையதற்கும் இதற்கும் 8 செக்கன்களே வேறுபாடு. எனினும் ஓரூரின் நேரம் பல ஊர்களின் நேரமாகின்ற போக்கு இங்கே தொடங்கிவிடுகின்றது. தந்தியும் புகையிரதமும் பரவிய நாடுகள் அனைத்திலும் இப்போக்கே காணப்பட்டது. 1884ஆம் ஆண்டு ஒக்டோபரில் வாஷிங்டனிற் கூடிய மாநாடு கிறீன்விச் நெடுங்கோட்டை முதல் நெடுங்கோடாகப் பரிந்துரைத்தது. 1906 சனவரி 1ஆம் திகதி இலங்கையும் இந்தியாவும் 5 மணி 30 நிமிட வித்தியாசத்தை ஏற்றன. வடபகுதிப் புகையிரதப் பாதை காங்கேசன்துறையைச் சென்றடைந்தது அதற்கு முந்திய ஆண்டாகிய 1905இல் ஆகும்.

இந்நியமநேரம் 82 பாகை 30 கலை கிழக்கு நெடுங்கோட்டுக்கு உரியது. இலங்கைப் படத்தை எடுத்து நோக்கின் அக்கோடு தீவின் எப்பகுதியையும் தொடாது கிழக்கே கடலிற் செல்வதைக் காணலாம். அதாவது 1906 தொடக்கம் இத்தீவினர் கைக்கொண்டு வந்த நேரம் இத்தீவின் எவ்வூரின் ஞாயிற்றுநேரமுமன்று. பேரரசின் நிர்வாக வசதியே அதன் பிறப்பிடம். இந்தியாவிலும் இந்நேரம் எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தத்தம் நேரத்தை விடாது பேணின. நகரமொன்று தன் மணிக்கூட்டை மாற்ற மறுத்தலும் ஒருவகை அரசியற் கூற்றே என்பதற்கு இவை சான்று.

அடுத்த இரண்டு வரிகள் இரண்டாம் உலகப் போர்க்காலத்துக்குரியவை. 1942 சனவரி 5ஆம் திகதி மணிக்கூடு அரைமணி முன்தள்ளப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் மேலும் அரைமணி. ஏப்பிரல் மாதத்திலே கொழும்பும் திருகோணமலையும் யப்பானிய விமானங்களாற் குண்டுவீசப்பெற்றமை இவ்விரு மாற்றங்களுக்கும் இடையில் நிகழ்ந்தது. 1945 ஒக்டோபர் 16ஆம் திகதி பழைய நேரம் மீண்டது. இக்காலத்திற் பிறந்தோரின் சாதகங்கள் பெருங்குழப்பத்துக்கு இடமளித்தன. ஓர் இலக்கினம் ஏறத்தாழ இரண்டு மணி நேரமும், ஒரு நவாம்சம் ஏறத்தாழ 13 நிமிடமுமே நிற்குமாதலின், 1943இல் 'காலை 7 மணி' எனக் குறித்துவைத்த பிறப்பை 6 மணியெனக் கொள்ளாது கணித்தால் நவாம்சம் நான்கு தானம் தள்ளிப்போகும், இலக்கினமே மாறவுங்கூடும். தொழில் தெரிந்த சோதிடர் பிறந்த ஆண்டைக் கேட்டதும் முதலிற் செய்யும் திருத்தத்தை இன்று நிரலாளர் பதிவேட்டைக்கொண்டு செய்கின்றனர். செயல் ஒன்றே.

1945 தொடக்கம் 1996 வரை ஐம்பதாண்டுகள் ஒரு வரிக்குள் அடங்கிவிடுகின்றன. அவ்வரியைப் பற்றிச் சொல்லவேண்டியது எதுவுமில்லை.

1996இல் மழை பொய்த்தது. நீர்மின் நிலையங்களையே பெரிதும் நம்பியிருந்த நாட்டில் நீர்த்தேக்கங்கள் வற்றின. மின்வெட்டு நாளாந்த நிகழ்வாயிற்று. மாலையில் விளக்கேற்றும் நேரத்தைத் தள்ளிப்போடும் பொருட்டு மே 25ஆம் திகதி அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னகர்த்திற்று. அவ்விரவு 12 மணிக்கும் 1 மணிக்கும் இடைப்பட்ட நேரம் சட்டப்படி இருக்கவேயில்லை. அவ்வாண்டு ஏப்பிரலிற் பிறந்த தாது வருடப் பஞ்சாங்கங்கள் பழைய நேரத்துக்கே கணிக்கப்பட்டிருந்தமையால் ஒவ்வோர் இராகுகாலத்தையும் சுபமுகூர்த்தத்தையும் ஒரு மணி கூட்டியே வாசிக்கவேண்டியதாயிற்று. ஒக்டோபர் 26ஆம் திகதி அரைமணி குறைக்கப்பட்டு வித்தியாசம் 6 மணியாயிற்று. அதுவே 2006 ஏப்பிரல் வரை நீடித்தது.

பதிவேட்டின் வரிகளை மட்டும் நோக்கினால் இவ்வளவே. இலங்கை முழுவதும் அப்பத்தாண்டும் ஒரே நேரத்தில் வாழ்ந்ததெனவே எவரும் முடிவு செய்வர். உண்மை அவ்வாறன்று. தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் 1996இன் மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே மணிக்கூடுகள் 5 மணி 30 நிமிடத்திலேயே நின்றன. வசதி கருதி இதனைப் பழைய நேரம் எனவும், அரசாங்கத்தினுடையதைப் புதிய நேரம் எனவும் குறிப்போம். 1996 மே மாதத்திலே யாழ்ப்பாணக் குடாநாடு இராணுவத்தின் வசம் வந்திருந்தது, வன்னியோ அவ்வாறிருக்கவில்லை. எனவே யாழ்ப்பாணத்தில் புதிய நேரம், வன்னியிற் பழைய நேரம், வவுனியாவில் மீண்டும் புதிய நேரம் என்றாயிற்று. 2002 பெப்புருவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஏ-9 பாதை திறக்கப்பட்டதன் பின் வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணஞ் செல்வோர் ஓமந்தையைத் தாண்டியதும் அரைமணி பின்னும், முகமாலையைத் தாண்டியதும் அரைமணி முன்னுமாகக் காலத்தை இருமுறை கடந்தனர். ஒரே நெடுங்கோட்டையொட்டி வடக்கு நோக்கிச் செல்லும் பாதையில் இவ்வாறு நேரம் மாறுதற்கு வானியலில் யாதொரு காரணமும் கிடையாது.

இங்கே ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. தனிநீதிமன்றும் தனிக்காவற்றுறையும் தனிவைப்பகமும் அமைத்த அவ்வியக்கம் நேரத்தைப் பொறுத்தவரை புதிதாக எதனையும் அமைக்கவில்லை. குடியேற்ற ஆட்சி 1906இல் வகுத்ததும், போர்க்காலம் நீங்கலாக 1996 வரை நாடு முழுவதும் கைக்கொண்டதுமாகிய நேரத்தையே அது தொடர்ந்தது. நகர்ந்தது அரசாங்கத்தின் மணிக்கூடு. ஆயினும் நகராமல் நின்றதே மறுப்பாகக் கொள்ளப்பட்டது. அரசின் ஆணை எதுவரை செல்லுமோ அதுவரையே அதன் நேரமும் செல்லும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேறு தேடவேண்டியதில்லை.

2006இல் அரசாங்கம் பழைய நேரத்துக்கு மீண்டது. மழலைகள் இருளிற் பாடசாலை செல்லவேண்டியுள்ளதென்ற பெற்றோரின் முறைப்பாடும் சோதிடரின் வேண்டுகோளும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. கொழும்பில் சனவரியில் ஞாயிறு 6 மணி 25 நிமிடமளவிலே பழைய நேரப்படி உதிக்குமாதலின், புதிய நேரப்படி அது 7 மணியை நெருங்கிவிடும். பெற்றோரின் குறை நியாயமானதே. விய வருடப் பிறப்பையொட்டி, ஏப்பிரல் 15ஆம் திகதி 12.30 மணி, ஏப்பிரல் 14இன் நள்ளிரவு 12 மணியாக மாற்றப்பட்டது. ஆகவே நள்ளிரவை அடுத்த அரைமணி அன்று இருமுறை வந்தது. அவ்விரவு 12.10 மணிக்குப் பிறந்த குழந்தையின் நேரத்தை எழுதியவர், அது முதலாவது 12.10ஆ இரண்டாவது 12.10ஆ என்பதையும் எழுதியிருந்தாலன்றிக் கணினியாலும் அதனைத் தீர்க்க இயலாது. இவ்வாறு தீவில் நேரம் ஒன்றாயிற்று. ஆகஸ்ட் 11ஆம் திகதி போர் மூண்டு ஏ-9 பாதை மூடப்பட்டது. மணிக்கூட்டை மாற்றாமல் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் பயணஞ் செய்யக்கூடியதாயிருந்த காலம் நான்கு மாதங்களுக்கும் குறைவே.

பதிவேட்டின் பராமரிப்பாளர் இவ்விருநேர நிலையை அறியாதிருந்தாரல்லர். வரிகளுக்கு மேலே, கணினி வாசிக்காததும் மனிதர் மாத்திரம் வாசிப்பதுமான குறிப்புகள் உள்ளன. 2006 ஏப்பிரல் மாதத்துக் குறிப்பொன்றில், புலிகள் 1996இன் மாற்றத்தை ஏற்காத செய்தி றொய்ட்டர் நிறுவனத்தை மேற்கோள்காட்டித் தரப்பட்டிருப்பதோடு, தமிழர் கட்டுப்பாட்டிலுள்ள பகுதிகளில் வாழ்வோர் கல்கத்தாவுக்குரிய நேரவலயத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்னும் ஆலோசனையும் காணப்படுகின்றது. 1970 தொடக்கம் அவ்விரண்டும் ஒத்திருந்தமையே காரணம். மேலே நினைவில் வைக்கச் சொன்ன விதியின்படி இது முற்றிலுஞ் சரி. வீணாக ஒரு பெயரைப் பெருக்க வேண்டியதில்லை. எனினும் அதே பதிவேட்டில் சீனாவின் சிங்சியாங் பகுதிக்கு, பெய்சிங்கின் ஆணைக்கு மாறாக மக்கள் வழங்கும் 6 மணி வித்தியாசத்தைக் குறிக்க 'ஆசியா/உறும்சி' என்ற தனிப்பெயர் உண்டு. காசாவுக்கும் எப்றோனுக்கும் வெவ்வேறு பெயர்கள் உண்டு. மறுப்பின் நேரம் அயல்நாடொன்றின் நேரத்தோடு ஒத்துப்போனமையால் வன்னிக்கு வரி கிடைக்காமற் போயிற்று. உறும்சிக்கு அவ்வாறு ஒத்துப்போகும் அயல் நேரம் வாய்க்காமையால் வரி கிடைத்தது. இதிற் பாரபட்சம் காண்பது தவறு. ஆனால் சுருக்கத்துக்கென வகுக்கப்பட்ட விதியொன்று, தன்னையறியாமலே ஒரு பத்தாண்டை வரிகளிலிருந்து அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுகின்றதென்பதை வரலாற்று மாணவன் கவனியாதிருக்க முடியாது.

இதனால் விளையும் நட்டம் கற்பனையன்று. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவையடுத்த கடலில் நிலநடுக்கம் ஏற்பட்டது சர்வதேச நேரம் 0 மணி 58 நிமிடம் 53 செக்கனில். கொழும்பு மணிக்கூட்டில் அப்போது காலை 7 மணிக்கு ஒரு நிமிடம் குறைவு. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த முல்லைத்தீவின் மணிக்கூட்டிலோ 6 மணி 29 நிமிடம். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின் கிழக்குக் கரையைக் கடல் கொண்டது. முல்லைத்தீவில் உயிர்தப்பியவர் ஒருவர் பழைய நேரப்படி கூறும் மணியும், மட்டக்களப்பில் உயிர்தப்பியவர் புதிய நேரப்படி கூறும் மணியும் அருகருகே வைக்கப்படும்போது, முல்லைத்தீவை அலை அரைமணி முந்தித் தாக்கியதெனவே பின்வரும் ஆய்வாளர் கொள்வர். அலையின் வேகத்தைக் கணிப்போருக்கும், எச்சரிக்கைக்கு எவ்வளவு அவகாசமிருந்ததென வினவுவோருக்கும் அரைமணி சிறிதன்று. பத்தாண்டுக் காலத்து மருத்துவமனைக் குறிப்புகள், தேவாலயப் பதிவுகள், நாட்குறிப்புகள், வானொலி அறிவித்தல்கள் யாவற்றுக்கும் இவ்வினா பொருந்தும்: இது எந்த மணிக்கூடு? 2006 ஏப்பிரல் 15க்குப் பிற்பட்டவற்றுக்கு இவ்வினா எழாது.

இன்று இத்தகைய ஆவணங்களும் வாய்மொழிச் சாட்சியங்களும் எண்ம வடிவிற் சேகரிக்கப்பட்டு இணையத்தில் வைக்கப்படுகின்றன. அவற்றைப் பதியும் செயலியை அமைப்போர், சாட்சி சொன்ன மணியைச் சொன்னபடியே ஓர் இடத்திலும், நேரவலயத்தின் பெயரை மற்றோரிடத்திலும் வைத்தல் வேண்டும். ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிட்டு மூலத்தை அழித்தல் கூடாது. பதிபவரின் கணினி எங்கே இருக்கிறதென்று உலாவி தானாகக் கூறும் விடையை அப்படியே ஏற்பதும் ஆகாது. பதிபவர் இன்று கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இருக்கலாம், சாட்சி அன்று முல்லைத்தீவிலல்லவா இருந்தார்? பட்டியலில் இலங்கையைத் தேடுவோர்க்குக் கிடைப்பது 'கொழும்பு' என்ற ஒரு பெயரே. 1996 மே 25 முதல் 2006 ஏப்பிரல் 15 வரை வன்னியில் எழுதப்பட்ட குறிப்புக்கு, இப்போது 'ஆசியா/கொல்கத்தா' எனப்படும் பெயரைத் தெரிதல் வேண்டும். ஏன் அவ்வாறு தெரிந்தோம் என்பதையும் அதனருகே தமிழில் எழுதி வைத்தல் வேண்டும். பின்னொரு நாளில் அதனைக் காணும் பதிப்பாளர், யாரோ தவறுதலாக இந்திய நகரொன்றைத் தெரிந்துவிட்டார் எனக் கருதிக் கொழும்பெனத் திருத்திவிடக் கூடும்.